பேனா ஊசியும் வெள்ளிக்கிழமை வண்டியும்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இது என் கணவருக்குத் தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். நான் திண்டிவனத்தில் அறிவியல் டீச்சர். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்காமல் போன பிறகு நான் வீட்டில் போட்ட சத்தத்துக்கு அளவே இல்லை. அவர் பதிலுக்குக் கத்தமாட்டார். "டீச்சரம்மா பயந்துக்கினு இருக்குது, உடு" என்று தன் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தப் பயம் என் அம்மாவிடமிருந்து வந்தது. தொண்ணூற்று மூன்றில் நாங்கள் விழுப்புரத்தில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இன்சுலின். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈரமணலில் புதைத்து வைப்போம். நான்தான் ஊசி போடுவேன். ஒரு மார்கழிக் காலையில் ஊசி போட்டாயிற்று. இட்லிப் பானையை ஏற்றினால் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இல்லை. கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் அவள் ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. "அம்மா" என்று தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டு, "யாருடி நீ? என் ஊட்டுல உனக்கு இன்னா வேல?" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து சர்க்கரையைக் கரைத்து அம்மாவின் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு நான் மகளாகிவிட்டேன். "காலேஜுக்கு நேரமாகலியா?" என்று கேட்டாள். நான் அன்று கல்லூரிக்குப் போகவில்லை. ஏறின சர்க்கரை வருடக்கணக்கில் மெள்ள மெள்ள அரிக்கும், இறங்கின சர்க்கரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு அம்மாவுக்குக் கால்விரல் போனது, பாதம் போனது. கடைசியில் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கம் ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை என்று செய்தி போனால் போதும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். "எதுனா ஆசைப்படுதா, கேளு" என்பார்கள். ஆசைப்பட்டதைச் செய்து கொடுத்துவிட்டு, அன்று பஸ்ஸைப் பிடிக்காமல் தங்கிவிடுவார்கள். யாரும் எதற்கென்று சொல்லமாட்டார்கள்.

கல்யாணமாகி வந்த இடத்திலும் அந்த வியாதி என்னைத் தேடி வந்தது. டிரைவர் வேலையில் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது; ஆனால் பன், டீ, பரோட்டா எல்லாம் எந்த நேரத்திலும் கிடைக்கும். அவர் வயிறு ஸ்டியரிங்கை முட்டும். "ரெண்டு கையாலயும் ஓட்டறேன், வயித்தாலயும் ஓட்டறேன்" என்று சிரிப்பார். டிப்போவில் செய்த மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை தெரிந்தது. முதலில் ஒரு பெரிய மாத்திரை. அப்புறம் அதோடு சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. பல வருடம் அந்தச் சின்ன மாத்திரைதான் அவரைக் காப்பாற்றியது. இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டியபோது அதுவும் பத்தவில்லை. கால் எரிகிறது என்றார். எனக்கு அம்மாவின் பாதம் கண்முன் வந்தது. காலையில் அவர் எழுந்திருக்கும் முன் டார்ச் அடித்து அவர் உள்ளங்கால்களைப் பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது.

விழுப்புரத்தில் சர்க்கரைக்கென்றே இருந்த ஒரு டாக்டரிடம் போனோம். அவர் இன்சுலின் என்ற சொல்லைச் சொன்னதுமே என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்சுலின் போட்டுக்கினு ஸ்டியரிங்ல உக்கார விட மாட்டாங்க சார். எனக்கு வேற வேலை தெரியாது." டாக்டருக்கும் அது புரிந்தது. இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பஸ் ஓட்டுகிறவருக்கு இறங்கினால் பின்னால் இருப்பவர்களுக்கும் சேர்த்து இறங்கினது மாதிரி. "அப்படின்னா வேற வழி ஒண்ணு இருக்கு. ஆனா விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

டாக்டர் சொன்னதை நான் பஸ்ஸில் திரும்பும்போது என் கணவருக்கு அவருடைய பாஷையிலேயே சொல்லிக்கொடுத்தேன். நாம் சாப்பிட்டதும் குடல் ஒரு விசில் கொடுக்கிறது, ஆள் ஏறியாச்சு என்று. அந்த விசிலைக் கேட்டுத்தான் கணையம் இன்சுலினை விடுகிறது. அதே விசில் கல்லீரலிடம், நீ வேறு சர்க்கரையைக் கொட்டாதே என்று சொல்கிறது. வயிற்றிடம், மெள்ளக் காலி பண்ணு என்கிறது. மூளையிடம், போதும் என்கிறது. ஆனால் விசில் ஊதின மறுநிமிஷமே அதைப் பிடுங்கி நொறுக்கிவிட உடம்பிலேயே ஒரு ஆள் உண்டு. புதுசாக வந்த ஒரு மாத்திரை அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்ளும். ஊசி மருந்து, அவனால் சுலபத்தில் நொறுக்க முடியாத விசில். சர்க்கரை அதிகமாக இருக்கும்போதுதான் கணையம் இந்த விசிலுக்குக் காது கொடுக்கும், இறங்கிவிட்டால் கண்டுகொள்ளாது. அதனால்தான் இந்த மருந்தைத் தனியாகப் போட்டால் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம்.

"அப்ப என் பழைய சின்ன மாத்திரை?" என்று கேட்டார்.

"அது விசிலுக்கெல்லாம் காத்திருக்காது. ஆள் ஏறினாலும் ஏறலைன்னாலும் வண்டியைப் பின்னால இருந்து தள்ளும்."

"நல்ல மாத்திரையா இருக்குதே" என்றார். நானும் சிரித்தேன்.

முதலில் அந்தப் புது மாத்திரையைத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாத்திரை விலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடலாம். அதற்கும் சர்க்கரை முழுதாக மசியவில்லை. அப்புறம் ஊசி. பேனா மாதிரியே இருக்கும். மூடியைக் கழற்றி, அளவைத் திருப்பி, வயிற்றில் ஒரு குத்து, தினமும். ஒரு பேனாவின் விலை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை. மாதத்துக்கு இரண்டு வேண்டும். முதல் தடவை கடைக்காரர் பில்லை நீட்டியபோது இரண்டு பெட்டிக்கா என்று கேட்டேன். ஒன்றுக்கு என்றார். மருத்துவமனையில் படுத்தால்தான் இன்சூரன்ஸ். படுக்காமல் இருப்பதற்கு வாங்கும் மருந்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். என் சம்பளம் பேனாவுக்கும் அவர் சம்பளம் சாப்பாட்டுக்கும் என்று பிரித்துக்கொண்டோம். அப்போதெல்லாம் நாள் முழுக்கக் கரண்ட் கட். ஃபிரிட்ஜ் சூடானால் மருந்து கெட்டுவிடும். பிரிக்காத பேனாவை ஐஸ் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு கரண்ட் இருக்கும் சொந்தக்காரர் வீடு தேடி அலைந்திருக்கிறேன்.

மருந்து வேலை செய்தது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

முதலில் குமட்டல். அது அடங்கியபின் அவருக்குப் பசி என்பதே இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு அடுப்படியிலேயே வந்து நிற்கிற மனிதர், இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவைத்தார். "போதும். மேல எறங்கல" என்றார். டாக்டர் முன்னாலேயே சொன்னதுதான். வயிறு மெள்ளக் காலியாகும், பசி குறையும், எடை இறங்கும், அது நல்லது. நான் அறிவியல் டீச்சர், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பயன்? எறங்கல என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அம்மாவின் கடைசி நாட்கள் வந்து நின்றன. "சாப்பிடுங்க, இல்லன்னா தூக்கிக் கொட்டிடுவேன்" என்று கத்தினேன்.

மயிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் அக்காவுக்கு, எனக்கு அண்ணி முறை, நான்தான் போன் போட்டேன். அண்ணி மல்லாட்டைக் கடலையும் கேப்பை மாவும் நாட்டுக்கோழியுமாக வந்து இறங்கினார். தம்பி மெலிந்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். களி கிண்டினார், கோழி அடித்துக் குழம்பு வைத்தார், ஊட்டிவிடக்கூடப் பார்த்தார். தம்பி வேண்டாமென்று தலையை ஆட்டினார். "காசு குடுத்து பசியத் தொலைக்கிறாங்களா? ஊரு உலகத்துல இல்லாத கூத்தா இருக்குதே" என்று அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது எங்கள் பங்குச் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசுவதை எங்களில் பெரியவர்கள் அவஸ்தை கொடுப்பது என்பார்கள். அண்ணி போய், தம்பிக்குச் சோறு இறங்கவில்லை, அவஸ்தை கொடுக்கணும் என்று கூப்பிட்டிருக்கிறார்.

அவஸ்தை வாங்கவேண்டியவர் யூனிஃபார்மில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "சாமி, எனக்கு அஞ்சு மணிக்கு வண்டி" என்றார். சாமியார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே உள்ளே போய் அழுதேன். வந்ததற்கு ஒரு செபமாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று அண்ணி விடாமல் கேட்க, சாமியார் தம்பியின் தலையில் கைவைத்துச் செபித்துவிட்டுப் போனார்.

அடுத்த டெஸ்டில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். "இனிமே அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை வேணாம். சுத்தமா நிறுத்திடுங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்ததும் மருந்து டப்பாவில் இருந்த அட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். அத்தோடு அந்த மாத்திரை ஒழிந்தது என்று நினைத்தேன்.

அந்த வருடம் தவக்காலம் வந்தது. அவருக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி விரதம் இருக்க முடிந்ததில்லை. ஊரே ஒருவேளை சாப்பாட்டோடு சிலுவைப் பாதைக்கு வந்து நிற்கும்போது இவர் மட்டும் மாத்திரைக்காக வேளாவேளைக்குச் சாப்பிடவேண்டும். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று சாமியார் எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அது உறுத்தல்தான். இப்போது பசி இல்லை. சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வந்து, "இந்த வருஷம் நானும் ஒருசந்தி" என்றார்.

"பசிக்காதவன் பட்டினி கிடந்தா அது விரதமா? பூட்டின கடையில யாவாரம் பண்ண மாதிரிதான்" என்று கேலி செய்தேன். அப்புறம் கோபமாகவே சொன்னேன், பட்டினி எல்லாம் கூடாது என்று. "சரி சரி" என்றார். வெள்ளிக்கிழமைகளில் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. நான் அதைக் கழுவி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விழுப்புரத்தில் ஆபீஸ் வேலை. மதியம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது அவர் வண்டி. முன்னால் பெண்கள் சீட்டில், அவர் முதுகு தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, சவாரியா?" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது இருந்த மாதிரி மெலிந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் மலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்த கூட்டம் ஏறியது. மொட்டைத் தலையில் சந்தனம், கையில் பிரசாதப் பை. கல்லூரிப் பெண்கள் சிலர் நின்றுகொண்டு வந்தார்கள். வண்டி மெயின் ரோட்டில் வேகம் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசுவது போல் போனான். அவனைத்தான் திட்டினேன். அடுத்தாற்போல் விக்கிரவாண்டிக்குள் திரும்பவேண்டிய இடம் வந்தது. வண்டி திரும்பவில்லை. நேரே பைபாஸிலேயே போனது.

"டிரைவரே, விக்கிரவாண்டி, விக்கிரவாண்டி" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அப்போதுதான் அவர் பிடரியைப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதைப் போல் வேர்த்து, காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

"ஏங்க. வண்டிய ஓரங்கட்டுங்க."

திரும்பி என்னைப் பார்த்தார். "யாரும்மா நீ? வண்டி ஓட்டிக்கினு இருக்கறது தெரியல? போய் உக்காரு."

சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். வண்டி கோட்டைத் தாண்டி இழுத்தது. ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் கவிழும். கத்தினால் அவருக்கு முரட்டுத்தனம் கூடும். கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணே, அண்ணே" என்றார். அவரையும் திட்டினார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. இத்தனை பேரும் என் வீட்டுக்காரர் கையில் சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டால் போதும், தூங்கிக்கொண்டிருக்கிற இவர் வலது கால் பிரேக்கைத் தேடி அசையும். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். "விசில் அடிங்க" என்று கண்டக்டரைப் பிடித்து உலுக்கினேன். "ஸ்டாப்பிங் விசில். காது கிட்ட அடிங்க."

கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். என்னை அடையாளம் தெரியாத மனிதருக்கு அது தெரிந்தது. கால் மாறியது. வண்டி வேகம் குறைந்து, இடதுபக்கம் ஒதுங்கி, மண்ணில் இறங்கி நின்றது. எந்த ஸ்டாப்பிங்கிலும் செய்வதுபோல ஹேண்ட் பிரேக்கைக்கூட இழுத்தார். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கான இரட்டை விசிலுக்காக நேரே பார்த்தபடி காத்திருந்தார். கண்டக்டர் எட்டி இன்ஜினை அணைத்தார்.

"சர்க்கரை, யார்கிட்டயாவது இனிப்பு" என்று கத்தினேன். மொட்டை போட்டிருந்த ஒரு அம்மாள் பையைத் திறந்து பஞ்சாமிர்த டப்பாவை நீட்டினார். விரலில் வழித்து அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். குழறலாக ஒரு சொல் வந்தது. குனிந்து கேட்டேன். ஒருசந்தி என்றார்.

உதட்டைப் பிரித்துக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவினேன். மறுபடி மறுபடி தடவினேன். மயிலத்து முருகன் பஞ்சாமிர்தம் வேதக்காரர் வாயில் மெள்ளக் கரைந்தது. அந்த அம்மாள் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். கண்டக்டர் அழுகிற குரலில், "வெள்ளிக்கிழமையானா டிபன் பாக்ஸை எனக்குக் குடுத்துடுவாருங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சாப்ட்டுக்கினு இருந்தேன்" என்றார். என் வீட்டுக்காரர் நெஞ்சைத் துடைக்கும்போது சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். அதே சின்ன வெள்ளை மாத்திரை அட்டை. பாதி காலி.

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குக் கண் தெளிந்தது. "ஏன் வண்டி நிக்குது?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். சீட்டிலிருந்து திரும்பிப் பின்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "வெயிலுங்க, யாருக்கும் வர்றதுதான். நாங்க வெளிய சொல்ல மாட்டோம்" என்றார் ஒரு பெரியவர். பின்னால் வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி எல்லாரையும் ஏற்றிவிட்டோம்.

வீட்டில் கேட்டபோது சொன்னார். ஊசி போட்டதும் பசிதானே போனது. அதனால் அது பசிக்கான மருந்து என்று அவர் மனசில் பதிந்துவிட்டது. சர்க்கரைக்கு, இத்தனை வருடம் காப்பாற்றிய அந்தச் சின்ன மாத்திரைதான். அதை விட்டால் காலை எடுத்துவிடுவார்களே என்ற பயத்தில் எனக்குத் தெரியாமல் வாங்கி விழுங்கியிருக்கிறார். மாத்திரை சாப்பாடு இல்லை, அதனால் ஒருசந்தி முறியாது என்று வெள்ளிக்கிழமைகளிலும் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். "உங்கம்மா காலைப் பத்தி நீ சொல்லிச் சொல்லி எனக்கும் பயம் ஒட்டிக்கிச்சு" என்றார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தார். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தைரியம் சொன்னார். ஊசியின் மேல் தப்பில்லை, பட்டினியோடு சேர்ந்த அந்த மாத்திரைதான். அதை விட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டால், கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பழையபடி வண்டி ஓட்டலாம் என்றார். என் கணவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவளையே யாருன்னு கேட்டுட்டேன் சார். மருந்தை நம்பறேன். என்னை நம்ப மாட்டேன். வண்டிய உட்டுடறேன், நீங்க இன்சுலினே எழுதிக் குடுங்க."

டிப்போவுக்குத் தானே போய் நடந்ததைச் சொல்லி, வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். டிரைவர், கண்டக்டர்களுக்கு டியூட்டி போடும் டைம் ஆபீஸில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டியரிங் இல்லாதவனுக்கு அவ்வளவு விலையில் ஊசி எதற்கு என்று பேனாவையும் நிறுத்தினார். இன்சுலின் அதில் கால்வாசி விலைகூட ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓட்டிய மனிதர், டிப்போ வாசலில் வண்டிகள் வெளியே போகும்போது எழுந்து நின்று பார்ப்பார் என்று கண்டக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் பஸ்ஸில் போகாமல் இருக்க முடியுமா? ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் விழுப்புரத்துக்கு ஏறினேன். டிரைவர் சின்ன வயசு, எனக்கு முன்பின் தெரியாதவர். நெற்றியில் விபூதி. வண்டி கிளம்பும் முன் அவர் பிடரி லேசாக வேர்த்திருப்பதைப் பார்த்தேன். வெயில்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாப்ட்டீங்களாப்பா?" என்றேன்.

யாரோ ஒரு அம்மா அக்கறையாகக் கேட்கிறாள் என்று அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இல்லீங்கம்மா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஒருபொழுது. ராத்திரிக்குதான்."

பின்னால் இரட்டை விசில் கேட்டது. இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுப்புரம் வரைக்கும் அந்தப் பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.